தூரமும் போகணும், நேராவும் போகணும்: டிஸ்க் கோல்ஃபுக்கு டிரைவர் தேர்ந்தெடுப்பது எப்படி

"மிட்ரேஞ்ச் 60 மீட்டர் போகுதுண்ணா, இன்னும் 20 மீட்டர் வேணும், எந்த டிரைவர் வாங்கட்டும்?" தர்மபுரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களோடு டிஸ்க் எறிய வருகிற பையன்கள் நாலைந்து மாதம் பழகியதும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். மிட்ரேஞ்ச் என்பது நடுத்தர தூரத்துக்கு எறிகிற டிஸ்க், டிரைவர் என்பது நீண்ட தூரத்துக்கு எறிகிற டிஸ்க். நான் சொல்கிற பதிலும் எப்போதும் ஒன்றுதான்: ஸ்பீடு 7, டர்ன் மைனஸ் 2, எடை 165 கிராமுக்குள். ஸ்பீடும் டர்னும் டிஸ்க் மேல் எழுதியிருக்கிற எண்கள், கீழே விளக்குகிறேன். கேட்டவுடனே முகம் வாடிவிடும். ஸ்பீடு 12, 13 என்று எழுதிய டிஸ்க் கடையில் இருக்கும்போது 7 எதற்கு என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்த நினைப்பில் ஒரு வருடம் வீணாகப் போனது. அந்த ஒரு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. இது கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. குறைந்த எறிதலில் கூடைக்குள் போடுகிறவர் ஜெயிப்பார். அந்தச் சங்கிலிக் கூடையை உருவாக்கிய எட் ஹெட்ரிக்தான் 1976-ல் அமெரிக்காவில் பி.டி.ஜி.ஏ. என்கிற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். கடற்கரையில் எறிந்து பிடிக்கிற ஃபிரிஸ்பி வேறு, இது வேறு. 1983-ல் இன்னோவா கம்பெனி கொண்டுவந்த ஈகிள் டிஸ்க்கிலிருந்து விளிம்பைச் சாய்வாகச் சீவி எடுக்கிற வழக்கம் வந்தது, தூரம் என்பதே அந்த விளிம்பில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் கூடை கிடையாது, பெயிண்ட் டப்பாவோ சிவப்புத் துணி கட்டிய குச்சியோதான் கூடை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, டிரைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடை தேவையே இல்லை, வெட்டவெளி இருந்தால் போதும்.

சரி, டிஸ்க் மேலே நாலு எண் எழுதியிருக்குமே, அதிலிருந்து ஆரம்பிப்போம். இன்னோவா லெப்பர்டு என்றால் 6, 5, மைனஸ் 2, 1. முதல் எண் ஸ்பீடு, அடுத்தது கிளைடு, அப்புறம் டர்ன், கடைசியில் ஃபேடு. இதில் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்வது ஸ்பீடைத்தான். ஸ்பீடு 12 என்றால் அந்த டிஸ்க் வேகமாகப் போகும் என்று அர்த்தமில்லை, அது ஒழுங்காகப் பறக்க அவ்வளவு வேகத்தை நீங்கள் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். மோட்டார் பம்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 10 குதிரைசக்தி மோட்டாரை வாங்கி வந்து வீட்டுக் கரண்டில் போட்டால் தண்ணீர் கூடவா வரும், மோட்டார் ஓடவே திணறும்.

கிளைடு என்பது மிதக்கிற குணம். டர்ன் என்பது எறிந்தவுடன், வேகம் அதிகமாக இருக்கும்போது, டிஸ்க் எவ்வளவு வலது பக்கம் சாயும் என்பது. மைனஸ் கூடக் கூட சாய்வு கூடும். ஃபேடு என்பது கடைசியில், வேகம் செத்த பிறகு, எவ்வளவு இடது பக்கம் இறங்கும் என்பது. இது வலது கைக்காரர் பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இழுத்து, எறிவதற்கான கணக்கு. இடது கைக்காரர்களுக்கும், வலது கையால் ஃபோர்ஹேண்ட், அதாவது எறிகிற கைப் பக்கத்திலிருந்தே, எறிகிறவர்களுக்கும் வலதையும் இடதையும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் முதலில் ஒரு பக்கம், கடைசியில் எதிர்ப்பக்கம்? சின்ன வயதில் பம்பரம் விட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். சுற்றுகிற பம்பரத்தை விரலால் முன்பக்கம் தள்ளினால் அது முன்னால் சாயாது, பக்கவாட்டில் சாயும். டிஸ்க்கும் சுற்றுகிற பொருள்தானே. வேகமாகப் போகும்போது காற்று அதன் மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அமுக்கப் பார்க்கும், ஆனால் சுழற்சியால் அந்த அமுக்கம் வலது சாய்வாக மாறும். வேகம் குறைந்து டிஸ்க் கீழே இறங்க ஆரம்பித்ததும் காற்று கீழிருந்து மூக்கைத் தூக்கப் பார்க்கும், அது இடது சாய்வாக மாறும். பெரிய ஸ்பீடு டிஸ்க்கை மெதுவாக எறிந்தால் என்ன ஆகும்? அதற்கு வேண்டிய வேகமே கிடைக்காததால் டர்ன் என்ற கட்டமே வராது, கையை விட்டதும் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடும். அதாவது எறிந்த கொஞ்ச நேரத்திலேயே இடது பக்கம் சரிந்து இறங்கும். தூரமும் போச்சு, நேரும் போச்சு.

நான் முதலில் வாங்கியது ஸ்பீடு 13, எடை 175 கிராம். பெங்களூரில் வேலை பார்க்கிற நண்பன் வாங்கி வந்து கொடுத்தான், நான்தான் கேட்டு வாங்கினேன். ஊர் ஏரியில் கிழக்குக் கரையைப் பார்த்து எறிந்தால் பத்தில் எட்டு இடது ஓரத்துச் சீமைக்கருவேலம் புதருக்குள் போய் விழும். முள்ளுக்குள் கையை விட்டு எடுத்து எடுத்து முழங்கை வரைக்கும் கீறல். நான் அதைச் சரிசெய்ய வலது பக்கமாகக் குறிபார்த்து, டிஸ்க்கின் வெளி விளிம்பைத் தூக்கிச் சாய்த்து எறியப் பழகினேன். அந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டது. பிறகு நல்ல டிஸ்க் கிடைத்தபோது அதையும் அப்படியே சாய்த்து எறிந்து, அந்த வழக்கத்தை விடுவதற்கு இன்னொரு ஆறு மாதம் ஆனது. பணத்தைவிடப் பெரிய நஷ்டம் இதுதான். பொருந்தாத டிஸ்க் உங்கள் கையையே கெடுத்துவிடும்.

உங்கள் கையின் வேகம் என்ன

அப்படியானால் நமக்கு எந்த ஸ்பீடு? தோராயமான கணக்கு ஒன்று உண்டு. ஸ்பீடு எண்ணைப் பத்தால் பெருக்குங்கள், ஏறக்குறைய அவ்வளவு மீட்டர் எறிகிற கைக்குத்தான் அந்த டிஸ்க் முழுசாக வேலை செய்யும். 70 மீட்டர் எறிகிறவருக்கு 7, 90 மீட்டர் எறிகிறவருக்கு 9, 120 மீட்டர் எறிகிறவருக்கு 12. இன்றைக்கு எவ்வளவு எறிகிறீர்களோ அதைத்தான் எடுக்க வேண்டும், ஒரு தடவை காற்று தூக்கிக்கொண்டு போய் எங்கோ போட்டதே, அதை எடுக்கக் கூடாது.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் போனே போதும். இரண்டு குச்சியைச் சரியாக 5 மீட்டர் இடைவெளியில், நீங்கள் எறிகிற பாதையை ஒட்டி நடுங்கள். நண்பனைப் பக்கவாட்டில் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்க வைத்து, நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். டிஸ்க் முதல் குச்சியைத் தாண்டியதிலிருந்து இரண்டாவது குச்சியைத் தாண்டுகிற வரைக்கும் எத்தனை ஃபிரேம் என்று எண்ணி, 4320-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 60 ஃபிரேம் என்றால் 72, 54 ஃபிரேம் என்றால் 80, 43 ஃபிரேம் என்றால் 100. குச்சி பாதையை விட்டு ரொம்பத் தள்ளியிருந்தால் கணக்கு தப்பும், அதை மட்டும் கவனியுங்கள். எங்கள் பையன்களில் முக்கால்வாசிப் பேர் 65-க்கும் 80-க்கும் நடுவில்தான் வருகிறார்கள். அந்த வேகத்தில் இருக்கிறவர் 12-ஐத் தொட வேண்டிய அவசியமே இல்லை. 90-ஐத் தாண்டினால் 9, 10 பக்கம் போகலாம். நூறைத் தாண்டிய பிறகு 12-ஐப் பற்றிப் பேசுவோம்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. டிரைவர் வாங்குவதற்கு முன் ஒரு பட்டரையோ (கூடைக்குப் பக்கத்திலிருந்து எறிகிற டிஸ்க்) மிட்ரேஞ்சையோ எடுத்து முழு பலத்தில் எறிந்து பாருங்கள். கையை விட்டதும் தட்டு ஆடுகிறதா, சல்லடை மாதிரி அசைகிறதா? மூக்கு மேலே தூக்கி, கொஞ்ச தூரம் போனதும் அந்தரத்தில் நின்று இடது பக்கம் தொப்பென்று விழுகிறதா? இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் புது டிரைவரால் தூரம் கூடாது. மூக்கு தூக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் மணிக்கட்டுதான், எறியும்போது பூட்டுச் சாவியை வலது பக்கம் திருப்புகிற மாதிரி அல்லாமல் பூப்பறிக்கிற மாதிரி மேலே வளைகிறது. டிஸ்க்கின் முன்விளிம்பை உங்கள் முழங்கையோடு ஒரே மட்டத்தில் வைத்து மார்புக்கு நெருக்கமாக இழுத்துப் பழகுங்கள். ஒரு மாதம் பட்டரை மட்டும் எறிந்து நேராக்கிய பையன் ஒருவனுக்கு, டிரைவரே வாங்காமல் 12 மீட்டர் கூடியது.

எண்களில் எதைப் பார்க்க வேண்டும்

ஸ்பீடு முடிவானதும் அடுத்துப் பார்க்க வேண்டியது டர்ன். மெதுவான கைக்கு மைனஸ் 2, மைனஸ் 3 நல்லது. ஏனென்றால் வேகம் போதாதபோது டிஸ்க் எழுதியிருப்பதைவிட இடது பக்கமாகவே பறக்கும், அந்த மைனஸ் அதை ஈடுகட்டி நேராக்கும். ஃபேடு 1 அல்லது 2-க்குள் இருக்கட்டும். ஃபேடு 3, 4 என்று இருப்பது காற்றுக்கும், வேண்டுமென்றே வளைத்து எறிவதற்கும்தான். கிளைடு 5, 6 என்றால் கூடுதல் மீட்டர் சும்மா கிடைக்கும், ஆனால் காற்று நாளில் அதே கிளைடு உங்களை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

பேர் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு: லெப்பர்டு சொன்னேன். லெப்பர்டு 3 கொஞ்சம் தட்டையாக, ஸ்பீடு 7-ல் இருக்கும். லாட்டிடியூடு 64 கம்பெனியின் ரிவர் 7, 7, மைனஸ் 1, 1, மிதப்பதில் அதற்கு ஈடே இல்லை. அதே கம்பெனியின் டைமண்டு 8, 6, மைனஸ் 3, 1, இது லேசான எடையிலேயே வரும், பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். கை கொஞ்சம் வேகமானவர்களுக்கு சைடுவைண்டர், 9, 5, மைனஸ் 3, 1. டீபேர்டு 7, 5, 0, 2, இது மிக நம்பிக்கையான டிஸ்க், ஆனால் டர்ன் இல்லாததால் 70 மீட்டருக்குக் கீழே எறிகிற கையில் எப்போதும் இடது பக்கம் முடியும். 80 மீட்டரைத் தாண்டிய பிறகு இதை வாங்குங்கள், அப்போது இது உங்களை ஏமாற்றவே ஏமாற்றாது.

எடை. பி.டி.ஜி.ஏ. விதிப்படி விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரைக்கும் போகலாம், அதனால்தான் 21 சென்டிமீட்டர் சொச்சம் இருக்கிற டிரைவர்கள் 175 கிராமில் நிற்கின்றன. எடை கூடினால் தூரம் கூடும் என்று ஒரு நம்பிக்கை எங்கும் இருக்கிறது. மெதுவான கைக்கு அது நேர் எதிர். 160 கிராம் டிஸ்க்கைக் கை இன்னும் வேகமாகச் சுழற்றும், சுழற்சி கூடும், கொஞ்சம் கூடுதலாக வலது பக்கம் திரும்பும், நமக்கு வேண்டியதும் அதுதான். 150-க்குக் கீழே போனால் மட்டும் சின்னக் காற்றுக்கே அலைபாயும்.

ரிம், அதாவது விரல் மடக்கிப் பிடிக்கிற உள்விளிம்பு, ஸ்பீடு 7-ல் ஏறக்குறைய 1.7 செ.மீ., ஸ்பீடு 12-ல் ஏறக்குறைய 2.2 செ.மீ. அரை சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். என் சித்தப்பா மகன், பென்னாகரத்தில் பத்தாவது படிக்கிறவன், அவன் விரல் 2.2-ஐச் சுற்றி உள்ளே எட்டவே எட்டாது, நுனியால்தான் பிடிப்பான், அதனால் பத்தில் மூன்று தடவை டிஸ்க் முன்கூட்டியே நழுவி இடது பக்கம் போகும், ஒரு தடவை தாமதமாக விட்டு வலது பக்கம் போகும். 1.7 கொடுத்தேன், விரல் நுனி உள்சுவரில் போய் உட்கார்ந்தது, அன்றைக்கே நழுவுவது நின்றது. வாங்குவதற்கு முன்னால் முடிந்தால் கையில் பிடித்துப் பாருங்கள், நாலு விரலும் ரிம்முக்குள் மடங்கி நுனி உள்சுவரைத் தொட வேண்டும்.

ஒரே பேர், ஒரே எண் எழுதிய இரண்டு டிஸ்க் ஒரே மாதிரி பறக்காது, இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை மேசை மேல் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். முதுகு இட்லி மாதிரி உப்பியிருந்தால் மிதப்பு அதிகம். தோசைக்கல் மாதிரி தட்டையாக இருந்தால் மிதப்பு குறையும், கடைசியில் இடது பக்கம் இறங்குவதும் கூடும். அப்புறம் விளிம்பின் மூக்கைப் பாருங்கள், அச்சில் இரண்டு பாதி சேர்ந்த கோடு ஒன்று மெல்லிசாகத் தெரியும். அந்தக் கோடு மேசையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு டிஸ்க் இடது பக்கம் இழுக்கும். இரண்டு டிஸ்க் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மெதுவான கைக்கு முதுகு உப்பி, கோடு தாழ்ந்து இருப்பதை எடுங்கள். முதுகைப் பெருவிரலால் அமுக்கினால் உள்ளே போய் வெளியே வருமே, அந்த இளக்கமும் மிதக்கிற டிஸ்க்கில்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஏரியில் பத்துக் கல்

இனி முக்கியமான விஷயம். கையில் இரண்டு மூன்று டிஸ்க் இருக்கிறது, நண்பர்களிடம் ஒன்றிரண்டு கடன் வாங்கியாயிற்று, எது நமக்கு என்று எப்படி முடிவு செய்வது? ஒரு எறிதலை வைத்து முடிவு செய்யவே கூடாது. இருக்கிறதிலேயே தூரமாகப் போன எறிதல்தான் மனதில் நிற்கும், மற்ற ஒன்பதும் மறந்துபோகும். அதனால் எழுதி வையுங்கள்.

நாங்கள் செய்வது இப்படி. மாசி, பங்குனியில் ஏரி வற்றி மண் இறுகிக் கிடக்கும்போது, அல்லது கேழ்வரகு அறுத்த கொல்லையில், காலை ஆறரை மணிக்குள் போய்விடுவோம், காற்று எழுவதற்கு முன்னால். தூரத்தில் ஒரு பனைமரத்தைக் குறியாக வைத்துக்கொள்வோம். முதலில் கைக்குப் பழகிய மிட்ரேஞ்சைப் பத்துத் தடவை எறிவோம், எல்லாமே ஒரே மாதிரி முக்கால் பலத்தில். டிஸ்க் விழுந்த இடத்தில் ஒரு கல். பத்து எறிதல், பத்துக் கல். கை வழுக்கிப் போனது, கால் இடறியது என்று எதையும் தள்ளக் கூடாது. பிறகு ஒவ்வொரு கல்லும் எவ்வளவு தூரம் என்று நடந்து அளந்து சராசரி எடுப்போம், அப்புறம் இருக்கிறதிலேயே இடது ஓரத்துக் கல்லுக்கும் வலது ஓரத்துக் கல்லுக்கும் நடுவே எத்தனை மீட்டர் அகலம் என்று அளப்போம். அடுத்து டிரைவர்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துக் கல்.

போன பங்குனியில் என் கணக்கு இது. மிட்ரேஞ்ச் சராசரி 61 மீட்டர், அகலம் 9 மீட்டர். ஸ்பீடு 7 சராசரி 77, அகலம் 12. ஸ்பீடு 9 சராசரி 81, அகலம் 19. ஸ்பீடு 12 சராசரி 74, அகலம் 27. அந்த 12-ல் ஒரு எறிதல் 93 மீட்டர் போனது, அன்றைக்கு விழுந்த கற்களிலேயே தூரமான கல் அதுதான், அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் 12-தான் நல்ல டிஸ்க் என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் சராசரியில் அது 7-ஐவிட 3 மீட்டர் கம்மி.

அகலத்தை அப்படியே ஒப்பிடாதீர்கள், தூரம் கூடினால் அகலமும் இயல்பாகக் கூடத்தான் செய்யும். கை 5 டிகிரி தப்பினால் 60 மீட்டரில் 5 மீட்டர் விலகும், 90 மீட்டரில் அதே 5 டிகிரி 8 மீட்டராகும். டிஸ்க் மேல் குற்றமில்லை. அதனால் அகலத்தைச் சராசரித் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். என் மிட்ரேஞ்சுக்கு 9-ஐ 61-ஆல் வகுத்தால் 15 சதவீதம். ஸ்பீடு 7-க்கு 12-ஐ 77-ஆல் வகுத்தால் 16 சதவீதத்துக்குள். ஏறக்குறைய அதே துல்லியம், 16 மீட்டர் லாபம். ஸ்பீடு 9-க்கு 23 சதவீதம் வருகிறது, 4 மீட்டர் கூடுதலுக்காக இவ்வளவு சிதறலை வாங்க நான் தயாராக இல்லை. துல்லியம் கெடாமல் தூரம் கூடியதா என்ற கேள்விக்கு இந்த வகுத்தல்தான் பதில். மிட்ரேஞ்சின் சதவீதத்தைவிட மூன்று நாலு புள்ளிக்குள் நிற்கிற டிஸ்க்குகளில் எது தூரம் போகிறதோ அதை எடுங்கள்.

இன்னொன்று, பத்துக் கல்லும் குறிக்கு 8 மீட்டர் இடது பக்கம் கூட்டமாகக் கிடந்தால் அது தப்பான டிஸ்க் இல்லை, அருமையான டிஸ்க். 8 மீட்டர் வலது பக்கம் குறிபார்த்து எறிந்தால் முடிந்தது. கல் எங்கே விழுகிறது என்பதைவிட, கற்கள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதைப் பாருங்கள். ஃபேடு இருக்கிற டிஸ்க்கைத் துல்லியமில்லாத டிஸ்க் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரே பக்கம் ஒரே அளவு வளைவது துல்லியம்தான். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போவதுதான் ஆபத்து, அது வந்தால் டர்ன் அளவுக்கு மீறி இருக்கிறது என்று அர்த்தம், ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

இந்தச் சோதனையை ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று ஞாயிறு செய்யுங்கள். 40 எறிதலுக்கு மேல் போனால் தோள் களைத்துவிடும், களைத்த தோள் எல்லா டிஸ்க்கையும் இடது பக்கம்தான் போடும். கடைசியாக எறிகிற டிஸ்க்குக்கு அநியாயம் நடக்கும், அதனால் வரிசையையும் ஒவ்வொரு வாரமும் மாற்றுங்கள். ஏரிக்குள் ஆடு மேய்க்கிறவர்கள் வருவார்கள். ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால் குரல் கொடுங்கள், ஆள் நகர்ந்த பிறகுதான் கை ஓங்க வேண்டும். தலையில் பட்டால் விளையாட்டில்லை.

வெட்டவெளியில் ஜெயித்த டிஸ்க்கை மரங்களுக்கு நடுவே கொண்டுபோய்ப் பார்க்க எங்களுக்கு வாய்த்தது கிருஷ்ணகிரி பக்கத்து மாந்தோப்புகள். பழைய தோப்புகளில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டு நட்டிருப்பார்கள், வளர்ந்த பிறகு கிளையும் கிளையும் நெருங்கி நடுவில் மூன்று நாலு மீட்டர் சந்துதான் மிஞ்சும். 16 சதவீத டிஸ்க்குக்கு 4 மீட்டர் சந்து 25 மீட்டர் தூரம் வரைக்கும் தாங்கும், அதற்குமேல் கிளையில் அடிக்கும். அங்கே டிரைவரைவிட மிட்ரேஞ்ச்தான் உதவும். கிளைக்குக் கீழே தாழ்வாக எறிய வேண்டியிருப்பதால் டிரைவருக்கு வேண்டிய உயரமும் கிடைக்காது. தை மாதம் பூவெடுத்ததிலிருந்து ஆனி வரைக்கும் தோப்புப் பக்கமே போகாதீர்கள், ஒரு டிஸ்க் பட்டால் ஒரு கொத்துப் பூவோ பிஞ்சோ உதிரும், அது ஒரு குடும்பத்தின் வருமானம். பெங்களூரா ரக மாங்காய் இறக்கி முடிந்து, கவாத்தும் முடிந்த பிறகு, தோப்புக்காரரைப் பார்த்து "அண்ணா, காலையில ஒரு மணி நேரம்" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

காற்று, மேடு, மண்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 165 கிராம் டிஸ்க் எம்மாத்திரம். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் டிரைவர் தேர்ந்தெடுக்கவே கூடாது. எதிர்காற்றில் டிஸ்க்குக்குக் காற்றின் வேகமும் சேர்ந்துகொள்வதால் வலது பக்கம் கூடுதலாகத் திரும்பும். மைனஸ் 2 டிஸ்க் மைனஸ் 4 மாதிரி நடந்து உருண்டுவிடும். பின்காற்றில் நேர் மாறு, டர்ன் வராமல் சீக்கிரம் இடது பக்கம் இறங்கும். ஆகவே காற்று நாளுக்கென்று டர்ன் 0, ஃபேடு 2, 3 இருக்கிற ஒரு டிஸ்க் தனியாக வேண்டும். பின்காற்றுக்கு உங்கள் மைனஸ் 2 டிஸ்க்கே போதும், கொஞ்சம் உயரமாக எறியுங்கள், காற்று தூக்கிக்கொண்டு போகும்.

உயரமும் ஓரளவு கணக்கில் வரும். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தர்மபுரி அதில் பாதிதான். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் டிஸ்க் குறைவாகத் திரும்பும், கூடுதலாக இடது பக்கம் இறங்கும். இங்கே நேராகப் போகிற டிஸ்க் ஓசூரில் லேசாக இடது பக்கம் முடிந்தால் கையைக் குற்றம் சொல்லாதீர்கள், குறியைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்துங்கள்.

பிளாஸ்டிக்கைப் பற்றி. இன்னோவாவில் டி.எக்ஸ். என்பது விலை குறைந்த ரகம், சாம்பியன், ஸ்டார் என்பவை உழைக்கிற ரகம். எங்கள் மண்ணில் கல் அதிகம், டி.எக்ஸ். டிஸ்க்கின் விளிம்பு சீக்கிரமே எலி கடித்த மாதிரி ஆகிவிடும், ஆக ஆக வலது பக்கம் திரும்புகிற குணம் கூடிக்கொண்டே போகும். புதிதில் நேராகப் போனது ஆறு மாதம் கழித்து வலது பக்கம் சாய்கிறதென்றால் உங்கள் கை வேகம் கூடிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். எந்த டிஸ்க் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள டி.எக்ஸ். வாங்குங்கள். அது பொருந்திவிட்டால் அதே டிஸ்க்கை சாம்பியனிலோ ஸ்டாரிலோ வாங்குங்கள், ஆனால் நல்ல பிளாஸ்டிக் புதிதில் கொஞ்சம் கூடுதலாக இடது பக்கம் இழுக்கும், அதனால் பத்துக் கல் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் டிஸ்க்கை விட்டுவிட்டு வராதீர்கள், நெளிந்துவிடும். நெளிந்த டிஸ்க்கைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, கடப்பைக் கல் மேல் கவிழ்த்து, மேலே பாரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

நிறம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். பச்சை வாங்கினால் பயிருக்குள் தொலையும், ஆரஞ்சும் சிவப்பும் நம் செம்மண்ணில் மறைந்துவிடும். ரோஸ், வெளிர் நீலம், இந்த இரண்டும் புதருக்குள்ளும் பளிச்சென்று தெரியும். தண்ணீர்ப் பக்கம் எறியவே வேண்டாம், பெரும்பாலான டிஸ்க் மூழ்கிவிடும், அணைக்கட்டுப் பக்கம் விட்டால் போனது போனதுதான்.

கடைசியாக ஒரு எறிகிற முறை. மைனஸ் 2, மைனஸ் 3 டிஸ்க் வாங்கிய பிறகு அதைத் தட்டையாகவே எறிந்துகொண்டிருந்தால், கை வேகம் கூடக் கூட வலது பக்கம் ஓட ஆரம்பிக்கும். அப்போது உடனே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்பீடு 9-க்குப் போய்விடாதீர்கள். குறியைப் பார்த்து நின்று, டிஸ்க்கின் இடது விளிம்பை ஒரு கை அகலத்துக்குத் தாழ்த்திச் சாய்த்து எறியுங்கள். முதலில் சாய்ந்தபடி கிளம்பும், 15, 20 மீட்டர் போனதும் தானாக நிமிர்ந்து தட்டையாகும், அங்கிருந்து நேர்கோட்டில் மிதந்து போய்க் கடைசியில் லேசாக மட்டும் இடது பக்கம் இறங்கும். இதற்கு ஹைசர் ஃபிளிப் என்று பேர். என் 77 மீட்டர் டிஸ்க் இதே முறையில் கார்த்திகையில் 83 வந்தது, அகலம் 12-லேயே நின்றது. எவ்வளவு சாய்த்தால் நிமிர்கிறது என்பது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், பத்துக் கல்லை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரை உள்ளங்கையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இவ்வளவு சாய்த்தும் வலது பக்கம் ஓடுகிற நாள் வந்தால், அன்றைக்குப் போனை எடுத்து ஃபிரேம் எண்ணுங்கள். 48-க்குக் கீழே வந்திருந்தால் ஸ்பீடு 9 வாங்கிக்கொள்ளலாம். பழைய டிஸ்க்கின் அடியில் வாங்கிய தேதி, எடை, சராசரி, அகலம் நாலையும் மார்க்கரில் எழுதி, இப்போதுதான் 60 மீட்டர் எறிகிற பையனிடம் கொடுத்துவிடுங்கள்.